கயிற்றை அவிழ்த்தால் போதுமா?

பி.எட். படித்த நம் எல்லோருக்கும் உளவியல் தாள் நினைவிருக்கும். பாவ்லோவின் நாய், தார்ன்டைக்கின் பூனை, ஸ்கின்னரின் எலி. தேர்வு முடிந்ததும் அந்தப் பிராணிகளை அங்கேயே விட்டுவிட்டு வகுப்பறைக்கு வந்துவிட்டோம். இப்போது அதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு துறை, 'நடத்தை அறிவியல்' என்ற பெயரில் அரசுகளின் கொள்கை அறைக்குள் வந்திருக்கிறது. 2008-இல் ரிச்சர்ட் தேலரும் காஸ் சன்ஸ்டைனும் எழுதிய 'நட்ஜ்' என்ற நூல் இதைப் பரவலாக்கியது. 2010-இல் பிரிட்டன் அரசு இதற்கென்றே ஒரு குழுவை அமைத்தது. தேலருக்கு 2017-இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. நம் மத்திய அரசின் 2018-19 பொருளாதார ஆய்வறிக்கையும் ஓர் அத்தியாயத்தை முழுவதும் இதற்கு ஒதுக்கியது.

இந்தத் துறையின் அடிப்படைக் கருத்து எளிமையானது. தகவல் தெரியாததால் மட்டும் மனிதர்கள் ஒன்றைச் செய்யாமல் இருப்பதில்லை. தெரிந்தும் செய்யாமல் இருப்பார்கள். சோம்பல், வழக்கம், வெட்கம், அக்கம்பக்கத்தார் என்ன செய்கிறார்கள் என்ற பார்வை, படிவத்தின் நீளம், பெட்டி வைத்திருக்கும் இடம் எல்லாமே நடத்தையைத் தீர்மானிக்கின்றன. ஆகவே அறிவுரையைக் கூட்டுவதைவிடச் சூழலை மாற்றுவது பலன் தரும் என்கிறது இத்துறை.

நமக்கு அருகிலேயே ஒரு சான்று உண்டு. ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் 14 கிராமங்களில் சோப்புப் போட்டுக் கைகழுவும் பழக்கத்தைக் கொண்டுவர 'சூப்பர் அம்மா' என்றொரு முயற்சி நடந்தது. அதில் கிருமிப் பாடம் மையமாக இல்லை. பிள்ளையை நன்றாக வளர்க்கும் ஒரு தாயின் கதை, அசுத்தத்தைக் கண்டால் வரும் அருவருப்பு, 'நம் ஊரில் எல்லோரும் கழுவுகிறார்கள்' என்ற உணர்வு ஆகியவையே இருந்தன. தொடக்கத்தில் சுமார் 1 சதவீதமாக இருந்த பழக்கம், 6 மாதம் கழித்துப் பார்த்தபோது முயற்சி நடந்த ஊர்களில் 37 சதவீதமாகவும் நடக்காத ஊர்களில் 6 சதவீதமாகவும் இருந்தது. 2014-இல் இந்த முடிவுகள் வெளியாயின. கைகழுவும் தினத்தன்று 7 படிநிலைகளையும் மனப்பாடமாகச் சொல்லிவிட்டு, மதிய உணவுக்குக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு உட்காரும் பிள்ளைகளைப் பார்த்திருக்கும் நமக்கு இது வியப்பாக இருக்காது.

உண்மையில் இந்தப் பெயர் வருவதற்கு முன்பே நம் மண்ணில் இந்த வேலை நடந்திருக்கிறது. 1956-இல், அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் எட்டயபுரத்தில் காமராசர் மதிய உணவைத் தொடங்கிவைத்தார். படிப்பின் பெருமையை ஏழைப் பெற்றோருக்கு விளக்கிக்கொண்டிருப்பதைவிட, பிள்ளையைப் பள்ளிக்கு வரவிடாமல் தடுத்த பசியை எடுப்பது மேல் என்று அன்றைக்கே கணித்திருக்கிறார்கள்.

இவ்வளவு நல்ல கருவி கையில் இருந்தால் எல்லாக் கொள்கையிலும் அதைப் பயன்படுத்திவிடலாமே என்று தோன்றும். அதில் உள்ள சிக்கல்களைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன். பொதுவாகப் பேசினால் பிடிபடாது என்பதால், நெல்லைச் சீமையில் பணியாற்றும் எந்த ஆசிரியரும் ஒதுக்கிவிட முடியாத ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். மாணவர் கையில் கட்டும் கயிறு.

மணிக்கட்டில் ஒரு முகவரி

வெளியூரிலிருந்து மாறுதலாகி வருபவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. தென்மாவட்டப் பள்ளிகள் சிலவற்றில், மாணவர் கையில் இருக்கும் கயிற்றின் நிறம் அவர் எந்தச் சமுதாயம் என்பதைச் சொல்லும். 2015-இலேயே பத்திரிகைகள் இதை விரிவாக எழுதின. 2019-இல், பயிற்சியில் இருந்த இளம் ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் சுட்டிக்காட்டியதன் பேரில், பள்ளிக் கல்வி இயக்ககத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று நிறங்களையே அது குறிப்பிட்டிருந்தது. இத்தகைய பள்ளிகளைக் கண்டறிந்து நடவடிக்கை எடுக்கச் சொன்னது. உடனே கயிறு சமய நம்பிக்கை சார்ந்தது என்ற எதிர்ப்பு எழுந்தது. இருக்கும் நடைமுறையே தொடரும் என்று அமைச்சர் தரப்பில் சொல்லப்பட்டது.

பிறகு 2023 ஆகஸ்ட் 9. நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் இரவில் அவர்கள் வீட்டிலேயே வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்கள் உடன் படித்த மாணவர்கள். இதைத் தொடர்ந்து ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அரசு அமைத்தது. 2024 ஜூன் 18-இல் அக்குழு அறிக்கை அளித்தது. வண்ணக் கயிறுகளுக்குத் தடை, அகரவரிசையில் இருக்கை, வருகைப் பதிவேட்டில் சமுதாய விவரம் இடம்பெறாமை, உதவித்தொகை விவரங்களை வகுப்பில் வெளிப்படையாகப் பேசாமை, பள்ளிப் பெயர்களில் சாதிச் சொற்களை நீக்குதல், ஆசிரியர்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை இடமாற்றம் செய்தல் எனப் பல பரிந்துரைகள் அதில் உள்ளன. கூர்ந்து பார்த்தால் இவற்றில் பாதி, நடத்தை அறிவியல் பேசும் சூழல் மாற்றங்களே.

கயிறு என்ன வேலை செய்கிறது? பேசாமலே செய்தி சொல்கிறது. பேருந்தில் ஏறும்போது கம்பியைப் பிடிக்கும் கை முதலில் கண்ணில் படும். யார் பக்கத்தில் உட்காரலாம், யாரிடம் வம்பு வைக்கக் கூடாது, சண்டை வந்தால் யார் தன் பக்கம் நிற்பார்கள் என்பது அந்த ஒரு கணத்தில் தெரிந்துவிடும். விலை ஐந்து, பத்து ரூபாய். கேட்டால் மறுக்கவும் முடியும். "கோயில் கயிறு டீச்சர், கொடைக்குக் கட்டுனது" என்பான். அது பல சமயம் உண்மையாகவும் இருக்கும். சுடலைமாடன், இசக்கியம்மன் கோயில் கொடைகளுக்கும் குலசேகரன்பட்டினம் தசராவுக்கும் காப்புக் கட்டும் ஊர் இது. உண்மையான காப்பும் சாதிக் கயிறும் ஒரே மணிக்கட்டில் ஒன்றாகக் கிடக்கும்போது, எதை அவிழ்க்கச் சொல்வது? மறுத்துவிட வசதி இருப்பதுதான் இந்த அடையாளத்தின் பலம். சென்னையில் எழுதப்படும் ஓர் உத்தரவு இந்த இடத்தில்தான் இடறுகிறது. ஒரே நிறம் இந்த ஊரில் ஒரு பொருளும் பத்து மைல் தள்ளி இன்னொரு பொருளும் தரலாம். அந்த அகராதி மாணவர்களிடம் இருக்கிறது, நம்மிடம் இல்லை.

தடை போட்ட பள்ளிகளில் என்ன ஆகிறது என்பதையும் பார்த்துவருகிறோம். கயிறு போய்ப் பனியன் நிறம் வருகிறது. அதைக் கவனித்தால் சைக்கிளில் ஸ்டிக்கர், பிறகு நோட்டு அட்டையில் ஒரு தலைவர் படம், கடைசியாக வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். செய்தி சொல்லும் தேவை இருக்கும்வரை, சொல்வதற்கு வேறொரு பொருள் கிடைத்துக்கொண்டே இருக்கும்.

இது பிள்ளைகளின் கண்டுபிடிப்பும் இல்லை. நான் பள்ளிப் படிப்பை முடிக்கிற காலத்தில், 1997-இல், போக்குவரத்துக் கழகங்களுக்கும் மாவட்டங்களுக்கும் சூட்டியிருந்த தலைவர்களின் பெயர்களை அரசு மொத்தமாக நீக்கியது. ஒரு தலைவரின் பெயரைப் புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு வைத்ததை ஒட்டி மூண்ட மோதல்கள்தான் காரணம். நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் திருநெல்வேலி மாவட்டமானது அப்போதுதான். மோதலைத் தூண்டும் அடையாளத்தைப் பொது இடத்திலிருந்து அகற்றுவது என்ற அந்த முடிவை இன்றும் சரியென்றே நினைக்கிறேன். கயிற்றுக்கான தடையையும் சரியென்றே நினைக்கிறேன். பேருந்தின் நெற்றியில் பெயர் இல்லாததால் சில கல்வீச்சுகள் குறைந்திருக்கும். ஆனால் பேருந்துக்குள் யார் எங்கே உட்காருகிறார்கள் என்பது அதனால் மாறவில்லை.

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நாம் பேசுவது

அமெரிக்காவின் அரிசோனாவில் கல்லாகிப்போன பழங்கால மரங்கள் நிறைந்த ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. வருகிறவர்கள் துண்டுகளை எடுத்துப்போய்விடுவார்கள். ராபர்ட் சியால்டினியும் உடன் ஆய்வாளர்களும் அங்கே இரண்டு விதமான பலகைகளை வைத்துப் பார்த்தார்கள். 'முன்பு வந்தவர்கள் பலர் எடுத்துப்போனதால் பூங்காவே மாறிவிட்டது' என்றது ஒன்று. 'தயவுசெய்து எடுக்காதீர்கள்' என்று மட்டும் சொன்னது இன்னொன்று. முதல் பலகை இருந்தபோது அடையாளமிட்டு வைத்திருந்த துண்டுகளில் 7.92 சதவீதம் காணாமல் போயின. இரண்டாவதில் 1.67 சதவீதம். 'பலர் செய்கிறார்கள்' என்று கண்டிப்பதே, 'அப்படியென்றால் செய்யலாம்' என்று காதில் விழுகிறது.

பாபநாசம் படித்துறையில் இதை நேரில் பார்க்கலாம். பரிகாரம் செய்து குளிக்கிறவர்கள் உடுத்தியிருந்த துணியைத் தாமிரபரணியிலேயே விட்டுச் செல்கிறார்கள். அவ்வப்போது தன்னார்வலர்கள் இறங்கி அள்ளுகிறார்கள். விடாதீர்கள் என்று பலகை சொல்கிறது. ஆனால் புதிதாக வருகிறவர் பலகையைப் பார்ப்பதற்கு முன்னால் பாறையில் சுற்றிக் கிடக்கும் வேட்டியைப் பார்த்துவிடுகிறார். இங்கே இதுதான் வழக்கம் என்று ஆறே அவருக்குச் சொல்லிவிடுகிறது.

காலை வழிபாட்டுக் கூட்டத்தில், "இப்ப எல்லாரும் கயிறு கட்டிக்கிட்டு வர்றீங்க, தொலைச்சுப்புடுவேன்" என்று பேசுவதும் அதே வகைதான். அன்றைக்கு 300 பேரில் 20 பேர் கட்டியிருந்திருக்கலாம். கட்டாத 280 பேருக்கும் நாமே 'எல்லாரும்' என்று அறிவித்துவிடுகிறோம். கட்டியவனைத் தனியே அழைத்துப் பேசுவது நேரம் பிடிக்கும், ஆனால் அந்த அறிவிப்பு வெளியே போகாது.

சில இடங்களில் கயிற்றுக்கு அபராதம் போடலாம் என்ற யோசனையும் வருகிறது. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் 10 குழந்தைக் காப்பகங்களில் நடந்த ஆய்வை அதற்கு முன் படித்துக்கொள்வது நல்லது. மாலையில் பிள்ளையை அழைத்துப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு 6 காப்பகங்களில் அபராதம் விதித்தார்கள். தாமதம் கிட்டத்தட்ட இரு மடங்கானது. அதுவரை, டீச்சரைக் காக்க வைக்கிறோமே என்ற கூச்சம் இருந்தது. காசு கட்டியபின் அது வாங்கிய சேவையாகிவிட்டது. அபராதத்தை நீக்கியபின்னும் பழைய நிலை திரும்பவில்லை. 2000-இல் வெளியான முடிவு இது.

ஆரஞ்சு வளையம்

இந்த விஷயத்துக்கு மிக நெருக்கமான ஆய்வு அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் நடந்தது. எலிசபெத் பலக்கும் உடன் ஆய்வாளர்களும் 2012-13 கல்வியாண்டில் 56 நடுநிலைப் பள்ளிகளை எடுத்துக்கொண்டார்கள். மாணவருக்கு மாணவர் தரும் தொந்தரவைக் குறைப்பது நோக்கம். ஒவ்வொரு மாணவரிடமும், யார் யாருடன் அதிக நேரம் செலவிடுகிறாய் என்று கேட்டுப் பெயர்களை வாங்கினார்கள். அதைக்கொண்டு யார் மீது பலருடைய கவனம் குவிகிறது என்று வரைபடம் போட்டார்கள். பாதிப் பள்ளிகளில் ஒரு சிறு மாணவர் குழுவைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, தொந்தரவுக்கு எதிராக அவர்களையே வெளிப்படையாக இயங்கச் செய்தார்கள். ஓராண்டில் அப்பள்ளிகளில் மாணவர் மோதல் குறித்த ஒழுங்கு நடவடிக்கைப் பதிவுகள் சராசரியாக 30 சதவீதம் அளவுக்குக் குறைந்தன. குழுவில் கவனம் குவியும் மாணவர்கள் அதிகமாக இருந்த பள்ளிகளில் பலனும் அதிகம்.

இதில் எனக்குப் பிடித்த செய்தி, கவனம் குவியும் பிள்ளையை ஆசிரியரால் ஊகிக்க முடியாமல் போகலாம் என்பது. நாம் தேர்ந்தெடுத்தால் வகுப்புத் தலைவனைச் சொல்வோம், முதல் மதிப்பெண் எடுப்பவளைச் சொல்வோம். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பது வேறொருவனை. அவன் பேருந்துப் படியில் தொங்குகிறவனாக இருக்கலாம். கடைசி பெஞ்சில் ஒன்றுமே பேசாமல் இருக்கிறவனாகவும் இருக்கலாம்.

அந்தப் பள்ளிகளில் நடந்த ஒரு செயல்பாட்டைக் கேளுங்கள். யாராவது நட்பாக நடந்துகொண்டதைப் பார்த்தால், சண்டையை விலக்கிவிட்டதைப் பார்த்தால், அவருக்குக் குழு மாணவர் ஒரு ஆரஞ்சு நிறக் கைவளையம் தருவார். ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, அதே மணிக்கட்டில், அதே போன்ற ஒரு பொருள் நேர் எதிரான செய்தியைச் சொல்லியிருக்கிறது. இந்த ஆய்வை நம்பி, நல்லெண்ணத்துடன், நம் மாவட்டத்தில் யாராவது 'நட்பு வளையம்' திட்டம் தொடங்கினால் என்ன ஆகும்? முதல் நாளே, "இது யாரு கலரு டீச்சர்?" என்ற கேள்வி வரும். ஆரஞ்சு யாருக்கு உரியது என்று மாலைக்குள் ஒரு விளக்கம் ஊருக்குள் போய்ச் சேர்ந்துவிடும். ஓரிடத்தில் நிரூபிக்கப்பட்டதை இன்னோரிடத்துக்கு எடுத்துவரும்போது எதை எடுத்துவர வேண்டும், எதை விட்டுவர வேண்டும் என்பதுதான் நடத்தை அறிவியலைக் கொள்கையாக்குவதில் முதல் சிக்கல். வரைபடம் போடும் முறையை எடுத்து வரலாம். வளையத்தை அங்கேயே விட்டுவர வேண்டும்.

நம் மேசையிலிருந்து

கயிற்றைப் பற்றிப் பேசும்போது பிரச்சினை மாணவரிடம் இருப்பதாகவே பேசுகிறோம். உத்தரப்பிரதேசக் கிராமப் பள்ளிகளில் கார்லா ஹாஃபும் பிரியங்கா பாண்டேயும் செய்த சோதனை நம் மேசையைப் பார்த்துத் திரும்புகிறது. 6, 7-ஆம் வகுப்பு மாணவர்கள் 600-க்கும் மேற்பட்டோருக்கு வழிகண்டுபிடிக்கும் புதிர்கள் கொடுத்தார்கள். முடிக்கும் ஒவ்வொரு புதிருக்கும் பணம் உண்டு. யார் என்ன சாதி என்று சொல்லாதபோது, ஒடுக்கப்பட்ட சமுதாய மாணவர்களும் மற்றவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் முடித்தார்கள். பெயர், ஊர், தந்தை பெயரோடு சாதியையும் எல்லார் முன்னிலையில் வாசித்துவிட்டுத் தொடங்கியபோது, ஒடுக்கப்பட்ட சமுதாய மாணவர்கள் முடித்த புதிர்கள் குறைந்துபோயின. பிள்ளைகள் அதே தரத்தவர்கள். இடையில் நடந்தது ஓர் அறிவிப்பு மட்டுமே.

ஜூலையில் உதவித்தொகைப் படிவம் வரும்போது வகுப்பில் நாம் எப்படி அழைக்கிறோம்? 'இந்தப் பிரிவினர் எழுந்து நில்லுங்கள்' என்பது நேரத்தை மிச்சப்படுத்தும். சந்துரு குழு இதைத் தலைமையாசிரியர் அறையில் தனியே செய்யச் சொல்வதன் அடிப்படை இந்தச் சோதனையோடு பொருந்துகிறது. எமிஸ் தளத்தில் விவரம் ஏற்கெனவே இருப்பதால் வகுப்பில் கேட்க வேண்டிய தேவையும் குறைவு. எங்கள் பள்ளியில் இப்போது இடைவேளையில் வெவ்வேறு காரணம் சொல்லி நாலைந்து பேராக அலுவலக அறைக்கு அனுப்புகிறோம். ஒரு வாரம் கூடுதலாகிறது. விடைத்தாள் திருத்துவதிலும் இதே கவனம் தேவை. விடைத்தாளின் முகப்பில் குலுக்கல் முறையில் சாதியை எழுதிக் கொடுத்து இந்தியாவில் நடத்தப்பட்ட இன்னோர் ஆய்வில், ஒடுக்கப்பட்ட சாதி என்று குறிக்கப்பட்ட தாள்களுக்குச் சிறிய அளவில் மதிப்பெண் குறைந்தது. சிறிய அளவுதான். ஆனால் திருத்தியவர்கள் ஆசிரியர்கள்.

அகரவரிசை இருக்கைக்கும் ஆய்வுப் பின்புலம் உண்டு. தில்லியில் வசதியான தனியார் பள்ளிகளில் ஏழை மாணவர்களைச் சேர்க்க வேண்டும் என்ற விதி வந்தபின், சில பள்ளிகள் பெயரின் அகரவரிசைப்படி படிப்புக் குழுக்களை அமைத்தன. தற்செயலாக ஏழை மாணவர்களோடு ஒரே குழுவில் அமைந்த வசதியான வீட்டுப் பிள்ளைகளிடம் பாகுபாடு குறைந்ததைக் கௌதம் ராவ் காட்டினார். சரி, நம் பதிவேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நான் பணிபுரியும் ஊர் கன்னடியன் கால்வாய் பாசனத்தில் இருக்கிறது. என் வகுப்பில் அகரவரிசைப்படி உட்கார வைத்தால் முதல் இரண்டு பெஞ்சும் இசக்கியம்மாள், இசக்கிபாண்டி, இசக்கிமுத்து, இசக்கிராஜா என்று இசக்கிகளால் நிரம்பிவிடும். நல்லவேளையாக அம்மன் பெயரை எல்லாத் தெருக்காரர்களும் வைக்கிறார்கள், ஆகவே கலப்பு ஓரளவு கிடைக்கிறது. ஆனால் பெயர் வைக்கும் வழக்கம் தெருவுக்குத் தெரு மாறும் ஊரில் அகரவரிசை பழையபடியே பிரித்து உட்கார வைத்துவிடக்கூடும். எனவே மாதம் ஒருமுறை சீட்டுக் குலுக்கிப் போட்டு இடம் மாற்றுகிறேன். பிள்ளைகளே குலுக்குவதால் என்மேல் சந்தேகம் வருவதில்லை.

சேர்த்து உட்கார வைத்தால் மட்டும் நட்பு வந்துவிடுமா என்றால், எப்படிச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. மாட் லோ என்ற ஆய்வாளர் 2017-இல் உத்தரப்பிரதேசத்தில் 1,261 இளைஞர்களை வைத்துக் கிரிக்கெட் போட்டித் தொடர் நடத்தினார். வெவ்வேறு சாதியினரை ஒரே அணியில் ஆடவைத்தபோது சாதி கடந்த நட்பு கூடியது. தன் சாதியினருக்கே சலுகை காட்டுவது குறைந்தது. எதிரெதிர் அணிகளில் சந்தித்தவர்களிடம் இந்த நன்மை வரவில்லை, போக்கு எதிர்த்திசையில் இருந்தது. நம் ஊர்களில் கபடி, கிரிக்கெட் அணிகள் தெருவாரியாகவே அமைகின்றன. தெரு என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். பள்ளி விளையாட்டு விழாவில் "நீங்களே டீம் பிரிச்சுக்கோங்க" என்று விட்டுவிட்டால், ஊர் மைதானத்தின் பிரிவினையைப் பள்ளி மைதானத்துக்கு வரவழைத்து விசிலும் ஊதிக் கொடுக்கிறோம். எங்கள் உடற்கல்வி ஆசிரியர் இப்போது எண் சொல்லவைத்து அணி பிரிக்கிறார். ஒரு மாதம் முழுக்க அதே அணி. தோற்றால் சேர்ந்து தோற்க வேண்டும், ஜெயித்தால் சேர்ந்து ஜெயிக்க வேண்டும்.

பெரிதாக்கும்போது

ஒரு பள்ளியில் நடப்பதை மாநிலம் முழுவதும் நடத்துவது வேறு வேலை. கென்யாவில் ஒப்பந்த ஆசிரியர்களை நியமித்துப் பார்த்த சோதனையில், தொண்டு நிறுவனம் நடத்திய பள்ளிகளில் மாணவர் மதிப்பெண் உயர்ந்தது. அதே திட்டத்தை அதே நேரத்தில் அரசு நடத்திய பள்ளிகளில் உயரவே இல்லை. ராஜஸ்தானின் உதய்ப்பூரில் அரசுச் செவிலியர் வருகையைப் பதிவு செய்து ஊதியத்தோடு இணைத்த ஏற்பாடு முதலில் நன்றாக வேலை செய்தது. பிறகு நிர்வாகம் 'விலக்கு அளிக்கப்பட்ட நாட்கள்' என்று தாராளமாகக் கொடுக்கத் தொடங்க, 16 மாதத்தில் பலன் மறைந்துபோனது.

வெளியாகும் ஆய்வுகளையே முழுக்க நம்ப முடியாது என்பதும் உண்டு. அமெரிக்காவின் இரண்டு பெரிய நடத்தை அறிவியல் குழுக்கள் நடத்திய 126 சோதனைகளை, 2.3 கோடிப் பேர் அடங்கியவற்றை, 2022-இல் இரு ஆய்வாளர்கள் மொத்தமாகத் தொகுத்தார்கள். கல்வி இதழ்களில் வெளியான ஆய்வுகள் சராசரியாக 8.7 சதவீதப் புள்ளி முன்னேற்றம் காட்டின. இக்குழுக்களின் சோதனைகளில் அது 1.4 மட்டுமே. ஜெயித்த சோதனை கட்டுரையாகிறது, தோற்றது அலமாரிக்குப் போகிறது என்பது ஒரு முக்கியக் காரணம். படிவத்தின் தொடக்கத்திலேயே கையொப்பம் வாங்கினால் பொய் குறையும் என்று 2012-இல் சொன்ன புகழ்பெற்ற கட்டுரை ஒன்று, அதன் தரவுகள் புனையப்பட்டவை என்று தெரிந்து 2021-இல் திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் பல அரசுகள் அதை மேற்கோள் காட்டிவிட்டன. இதனால் இத்துறையே பொய் என்று சொல்ல மாட்டேன். 1.4 என்பதும் பல லட்சம் பேருக்குப் பெரிய எண்தான், செலவும் குறைவு. ஆனால் பயிற்சியில் ஒரு வெளிநாட்டு ஆய்வைக் காட்டி, இதைச் செய்தால் இது நடக்கும் என்று யாராவது உறுதி சொன்னால், எங்கே, யாரிடம், எத்தனை மாதம் கழித்து என்று நாம் கேட்க வேண்டும்.

அளவிடுவது இன்னொரு சிக்கல். கயிற்றை எண்ணலாம், நட்பை எண்ணுவது கடினம். எனவே எந்த ஆய்வுப் படிவமும் எளிதாகக் கயிற்றையே கேட்கும். 'இல்லை' என்று நிரப்புவதும் எளிது. அந்த 'இல்லை' கயிறு இல்லாததைச் சொல்கிறதா, நாம் பார்க்காததைச் சொல்கிறதா என்று படிவத்தால் பிரித்தறிய முடியாது.

புகார் பெட்டியையும் இப்படியே யோசிக்கலாம். பெட்டி இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. எங்கே இருக்கிறது என்பது வேறு கேள்வி. தலைமையாசிரியர் அறை வாசலில், எல்லா வகுப்பு சன்னலிலிருந்தும் தெரியும் இடத்தில் இருந்தால், சீட்டுப் போடுகிறவனை ஐம்பது கண் பார்க்கும். நாங்குநேரி மாணவர், தன்னைத் தொந்தரவு செய்ததைப் பள்ளியில் சொன்ன பிறகுதான் வெட்டப்பட்டார். புகார் சொல்வதற்கு ஒரு விலை இருக்கிறது என்று அதைக் கேள்விப்பட்ட ஒவ்வொரு பிள்ளையும் கணக்குப் போட்டிருக்கும். அந்த விலையைக் குறைக்காமல் பெட்டியை மட்டும் பெரிதாக்கிப் பயனில்லை. பெட்டியைக் கழிவறைக்குப் போகும் வழியிலோ நூலக மூலையிலோ வைக்கலாம். எல்லா மாணவரும் வாரம் ஒருநாள் கட்டாயம் ஒரு சீட்டுப் போட வேண்டும், ஒன்றுமில்லையென்றால் வெற்றுத்தாள் போடலாம் என்று வைத்தால், எழுதியவன் யார் என்று தனியே தெரியாது. 14417, 1098 எண்களைக் கழிவறைக் கதவின் உட்பக்கம் ஒட்டலாம். இவற்றுக்கெல்லாம் நிதி ஒதுக்கீடு தேவையில்லை.

இத்தனைக்கும் பிறகு ஓர் எல்லை இருக்கிறது. பிள்ளை நம்மிடம் இருப்பது ஏழெட்டு மணி நேரம். மீதி நேரம் அவன் இருக்கும் தெரு தனி, பல ஊர்களில் சுடுகாடும் தனி. தனிமனிதனின் நடத்தையைச் சிறிது சிறிதாகத் திருத்தலாம் என்ற நம்பிக்கை, அமைப்பை மாற்ற வேண்டிய வேலையிலிருந்து கவனத்தைத் திருப்பிவிடுகிறது என்று, அதே துறையில் நெடுநாள் உழைத்த நிக் சேட்டரும் ஜார்ஜ் லோவன்ஸ்டைனும் 2022-இல் எழுதினார்கள். அந்த விமர்சனம் நம் மாவட்டத்துக்கு அப்படியே பொருந்தும். சமத்துவபுரங்கள் போலக் குடியிருப்பையே கலந்து அமைக்கும் கொள்கைக்கும், வகுப்பில் சீட்டுக் குலுக்குவதற்கும் உள்ள தூரம் பெரிது. ஒன்று அரசின் கையில் இருக்கிறது, மற்றது நம் கையில்.

நம் கையில் இருப்பதில், நட்பு வரைபடத்தை இந்த ஆண்டு முயன்றுவருகிறோம். ஜூனில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி மட்டும் கேட்டோம்: 'சென்ற வாரம் பள்ளியில் யார் யாரிடம் அதிகம் பேசினாய்? ஐந்து பெயர் வரை எழுது.' வரைந்து பார்த்தபோது கோடுகள் பெரும்பாலும் தெருவோடு தெருவைச் சேர்த்தன. நடுவே நான்கைந்து பிள்ளைகள் இரண்டு பக்கமும் கோடு உள்ளவர்களாக இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி, யாரும் வகுப்புத் தலைவியாகத் தேர்ந்தெடுத்திராத, காலாண்டுத் தேர்வில் இரண்டு பாடத்தில் தவறியவள். இலக்கிய மன்றம், பசுமைப் படை, விளையாட்டு விழா ஏற்பாடு ஆகியவற்றில் இவர்களை முன்னே விட்டிருக்கிறோம். எதற்காக என்று அவர்களிடமும் சொல்லவில்லை, வகுப்பிலும் சொல்லவில்லை. மார்ச்சில் அதே கேள்வியை மறுபடி கேட்போம். கோடுகள் கூடியிருக்கிறதா, அப்படியே இருக்கிறதா என்று அப்போது தெரியும்.

இதைச் செய்ய விரும்பும் ஆசிரியர்களுக்கு நடைமுறைக் குறிப்பு ஒன்று. சீட்டில் எழுதுகிறவர் பெயருக்குப் பதில் எண் இருக்கட்டும். வரைபடத்தைப் பள்ளி பீரோவில் வைக்க வேண்டாம், கைபேசியில் படம் எடுத்தும் வைக்க வேண்டாம். யார் யாருக்கு நண்பர் என்பது தவறான கையில் கிடைத்தால் நம் ஊரில் அது ஆபத்தான தாள். எண்ணிக்கையை மட்டும் குறித்துக்கொண்டு சீட்டுகளை அன்று மாலையே எரித்துவிட்டோம்.